கிரீஸ் நிப்பிள் எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, இயந்திரம் செய்து கொடுத்தவன் நான். தோலைப் பதனிடும் மர டிரம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிய பொருள்தான். அப்படி ஒரு டிரம்மை வரைந்தபோது, பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கும் நிப்பிளை பெல்ட் கவருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கவரைக் கழற்றினால்தான் கை நுழையும். வேலை நேரத்தில் யார் கழற்றுவார்? பேரிங் போகும், புதிதை நாங்களே விற்போம். சொல்ல வெட்கம்தான், அதிலும் எங்களுக்கு லாபம்.

அப்புறம் ஒரு டேனரிக்காரர் கேட்டார்: "சார், டிரம் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓடுகிற மணிக்குக் காசு தருகிறேன். நின்றால் கிடையாது." அன்று இரவே வரைபடத்தைப் பிரித்து நிப்பிளை வெளியே கொண்டுவந்தேன்!

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962-லேயே தன் வைப்பர் விமான எஞ்சினுக்குப் பறந்த மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம் வாங்கியது.

நம் ஊருக்கு இன்னும் பொருத்தமானது, இதே கணக்கை ரசாயனத்துக்குப் போடுவது. குரோம் உப்பால் தோலைப் பதனிடும் வழக்கமான முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குரோம் தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகிறது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். கிலோ கணக்கில் விற்பவருக்கு நிறைய விற்றால்தான் வருமானம். பதனிட்ட தோலுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், வீணாகும் ஒவ்வொரு கிலோவும் அவர் பையில் கை வைக்கும். ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பு இந்த ஏற்பாட்டைப் பல நாடுகளில் முயன்றிருக்கிறது.

ஆனால் சிக்கல் உண்டு. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஒன்றா? தோல் கெட்டால் பழி தண்ணீருக்கா, ரசாயனத்துக்கா, டிரம்முக்கா? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒப்பந்தத் தாளும் இயந்திரத்தின் ஒரு பாகம்தான்.

சிறு பட்டறைக்கு இன்னொரு கஷ்டம்: வாடகை சொட்டுச் சொட்டாக வரும், மரத்துக்கும் இரும்புக்கும் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒரே ஒரு டிரம்மில் தொடங்குங்கள். மோட்டாரில் மணி காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டி, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று எழுதிவையுங்கள். எனக்கு அந்த நோட்டு நிரம்ப எட்டு மாதம் ஆனது. பாவம், டேனரிக்காரர் வாரம் தவறாமல் கேட்பார். அதுவரை மணிக்கு எவ்வளவு என்று நான் வாயைத் திறக்கவே இல்லை.