பில்லில் ஏறாத லாபம்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புகிறவரிடம் "இன்னும் 12 வாரம், வாரத்துக்கு 3 நாள் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாருங்கள்" என்று சொன்னால், அவர் முதலில் கேட்பது "அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி.

கட்டணத்தை விடுங்கள். 36 தடவை போய் வர வேண்டும், வேலைக்கு லீவு போட வேண்டும், துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய பொழுதும் போகிறது. இதையெல்லாம் சின்னச் செலவு என்று மேடையில் நின்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதியில் நின்றவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று திட்டாதீர்கள், பலருக்கு உண்மையாகவே முடியவில்லை.

சரி, கிடைப்பது என்ன? 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 63 ஆய்வுகளை, 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி பெறாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 31 பேர் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பயிற்சி பெற்றவர்களில் 26 பேர். இதய, ரத்தநாள நோயால் இறந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாகக் குறைந்தார்கள். எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த 5 பேரை நினைத்துப் பாருங்கள். நடக்காமல் போன அட்மிஷனுக்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அந்த லாபம் எந்தக் கணக்கிலும் ஏறாது, பயிற்சிக் கட்டணம் மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

அப்புறம் பயம். நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழவே விடமாட்டார்கள்; 1952-ல் அமெரிக்க இதய மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்ததே துணிச்சலாகப் பார்க்கப்பட்டது. அந்தப் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது, மாடிப்படி ஏறப் பயம், பையைத் தூக்கப் பயம், கணவன் மனைவி நெருங்கவே பயம். ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, ட்ரெட்மில்லில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி நடக்கும்போதுதான் "என் உடம்பு இதைத் தாங்கும்" என்று அவருக்கே தெரிகிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஆபத்து குறைந்த நோயாளிகள் மருத்துவக் குழுவின் மேற்பார்வையோடு வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: "பயிற்சிக்கு எங்கே போகணும், போக முடியாவிட்டால் வீட்டில் எப்படிச் செய்யணும்?"