பஞ்சபுராணம்: ஐந்து பாட்டுக்குள் ஐந்நூறு வருடம்

[காட்சி: கொழும்பு கொச்சிக்கடை, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். வெள்ளிக்கிழமை மாலை.]

வணக்கம். தூண், கூரை, தரை எல்லாமே கருங்கல். பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பி எழுப்பிய கோயில் இது. வெளியே லொறிச் சத்தம், உள்ளே கற்பூர வாசம். தீபாராதனை முடிந்துவிட்டது. ஐயர் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார். கூட்டத்தில் இருந்து ஒரு குரல் 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்குகிறது.

இனி ஐந்து நிமிடம் பஞ்சபுராணம்: ஐந்து சைவப் பாடல் தொகுதிகளில் இருந்து ஒவ்வொரு பாட்டு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். சைவநெறிப் பாடத்துக்கு நாங்கள் எல்லோரும் பாடமாக்கியவைதான். எனக்கு அம்மம்மா சொல்லித் தந்தார். அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்: இந்த ஐந்தும் வந்த வரிசையே பாட்டாலே கடவுள் பக்தியைப் பரப்பிய பக்தி இயக்கத்தின் வரலாறு.

[காட்சி: வரைபடம். சீர்காழி, திருவதிகை, திருவாரூர்.]

முதலில் தேவாரம். திருநாவுக்கரசர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் சிவனைப் பாடியவை. தொடக்கம் 7ஆம் நூற்றாண்டு. பல்லவரும் பாண்டியரும் ஆண்ட காலம். சமணமும் பௌத்தமும் அரசர்களிடம் செல்வாக்கோடு இருந்தன. திருநாவுக்கரசரே முதலில் சமணர்தான், தருமசேனர் என்ற பெயரில். சூலை நோய் வயிற்றைப் பிடித்து உலுக்க, அக்கா திலகவதியாரிடம் திருவதிகைக்கு ஓடி வருகிறார். அங்கே பாடியது 'கூற்றாயினவாறு' என்ற பதிகம், அதாவது பத்துப் பாட்டளவில் ஒரு கோவை. வயிற்று வலியை வைத்துத் தொடங்குகிற பாட்டு! குடல் முறுக்குகிறது, தாங்க முடியவில்லை என்று கடவுளிடம் நேரே முறையிடுகிறார். எனக்கு இந்த இயக்கம் பிடிபட்டதே இந்தப் பாட்டில்தான். அதன்பின் கையில் உழவாரப்படையோடு, கோயில் முற்றங்களில் புல்லைச் செதுக்கியபடி ஊர் ஊராக நடக்கிறார்.

சம்பந்தர் அவருக்கு வயதில் மிக இளையவர். 'அப்பரே' என்று அவரை அழைத்தவர் இந்தப் பிள்ளைதான். சம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்தபடி கூடவே போனார். பண்ணோடு பாட்டு, பாட்டுக்குள் அந்த ஊரின் பெயர், ஆறு, வயல், கடல். கேட்ட ஊர்க்காரருக்கு அது தங்கள் பாட்டாகிவிடும்.

எங்கள் கடலும் அதில் இருக்கிறது. திருகோணமலையைப் பாடும்போது, இரைகிற கடல் முத்தைக் கொண்டுவந்து கொழிக்கிறது என்கிறார் சம்பந்தர். இராமேஸ்வரத்தில் நின்றபடியே கோணேஸ்வரத்தையும் கேதீஸ்வரத்தையும் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் வந்தவராகக் கருதப்படும் சுந்தரர், பாலாவிக் கரையில் இருக்கிற கேதீஸ்வரத்தைப் பாடினார்.

சம்பந்தரின் பதிகங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. எட்டாவது பாட்டில் பெரும்பாலும் இலங்கை வேந்தன் இராவணன் வருவான்: கைலையைத் தூக்கி, சிவனின் கால்விரலால் நசுங்கி, பிறகு அருள் பெறுவான். பத்தாவது பாட்டில் சமணரையும் பௌத்தரையும் சாடுவார். பௌத்த அயலவரோடு வாழ்கிற கொழும்புத் தமிழருக்கு அது கொஞ்சம் நெருடும். மறைக்க வேண்டாம். அரச ஆதரவுக்காகச் சமயங்கள் மோதிய காலத்தின் தழும்பு அது.

சரி, இரண்டாவது திருவாசகம். மாணிக்கவாசகர் திருவாதவூர்க்காரர், பாண்டிய மன்னனின் அமைச்சர். அவர் காலம் 9ஆம் நூற்றாண்டு என்பது பலர் கருத்து. 'பால்நினைந் தூட்டும் தாயினும்' என்று தொடங்கும்போது கோயிலில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதும் நான்காவதும் சோழர் காலத்துக்கு வந்துவிடுகின்றன. திருவிசைப்பா பாடியவர்களில் கண்டராதித்தர் ஒரு சோழ அரசர். அதே தொகுப்பில்தான் சேந்தனாரின் திருப்பல்லாண்டும். தில்லையில், அதாவது சிதம்பரத்தில், தேர் ஓடாமல் நின்றபோது 'மன்னுக தில்லை' என்று அவர் பாட, தேர் நகர்ந்தது என்பது மரபுக் கதை. நடந்து திரிந்து பாடிய பாட்டு இப்போது அரசாங்கத்தின் பாட்டாகிவிட்டது. முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பிடாரரை நியமித்து, உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேருக்கு நெல் அளக்கக் கல்வெட்டு வெட்டினான்.

[காட்சி: கொழும்பு தேசிய நூதனசாலை.]

அந்தச் சோழர் கடல் கடந்து பொலன்னறுவையைத் தலைநகராக்கினார்கள். அங்கே சிவாலயங்களில் தோண்டி எடுத்த நாயன்மார் வெண்கலச் சிலைகள் கொழும்பு நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கின்றன. சுந்தரர் இருக்கிறார். காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார்: எலும்பெடுத்த உடம்பு, கையில் தாளம். சிலை செய்தவன் அவரை அழகாக்க முயலவில்லை. பேயுருவை வேண்டிக் கேட்டு வாங்கியவர் என்பதால் அப்படியே வார்த்திருக்கிறான். தேவார மூவருக்கும் முன்பே பதிகம் பாடியவர் அம்மையார். அவருடைய பாடல்கள் சைவத் திருமுறைகள் பன்னிரண்டில் பதினோராவதில் இருப்பதால் பஞ்சபுராணத்துக்குள் வருவதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

ஆழ்வார்கள் பன்னிருவரும் இதே காலத்தில் இதே தமிழில் திருமாலைப் பாடினார்கள். நாலாயிரம் பாசுரம், அதற்குத் தனி வீடியோவே வேண்டும்.

[காட்சி: மறுபடியும் கோயில்.]

ஐந்தாவது பெரியபுராணம், 12ஆம் நூற்றாண்டு. இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர் சேக்கிழார் 63 நாயன்மாரின் கதையைத் தில்லையில் இருந்து பாடினார். குயவர், வேடர், சலவைத் தொழிலாளி, பாணர், அரசர் எல்லோரும் ஒரே நூலுக்குள். பாடியவர்களே இப்போது பாட்டின் பொருளாகிவிட்டார்கள். 1852இல் ஆறுமுக நாவலர் இதை உரைநடையில் அச்சிட, கதை எங்கள் வீடுகளுக்குள் வந்தது.

இன்று அந்த ஐந்தாவது பாட்டைப் பாடுவது பத்து வயதுப் பிள்ளை ஒன்று. 'உலகெலாம்' என்று குரலை ஏற்றுகிறது, மூச்சுப் போதவில்லை, பின்னால் நிற்கிற ஓர் அம்மா மெதுவாகச் சேர்ந்து பிடிக்கிறார். பிறகு 'வான்முகில் வழாது பெய்க' வாழ்த்து. அதற்கு யாரும் காத்திருப்பதில்லை, கோயில் முழுக்கச் சேர்ந்து பாடுகிறது. ஐயர் விபூதித் தட்டோடு வருகிறார்.