ஏழு நாள் ஊசி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மருந்தாளர். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குவதும் என் வேலை. ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை, மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய உலக விழிப்புணர்வு வாரம். அதையொட்டி நாடுகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. போன வருஷம் திருச்சியில் சொந்தக்காரர்களோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். போன இடத்தில் வயிற்றுப்போக்கு. சித்தப்பா மகன் தெருமுனை மருந்துக்கடையில் சொல்லி ஐந்து மாத்திரை வாங்கி வந்தான். சீட்டு எதுவும் இல்லை. அம்மா எனக்குத் தொலைபேசியில் பேசினார். "ரெண்டு போட்டேன்பா, நின்னுடுச்சு. மிச்சத்தையும் போடணுமா?" அன்று எனக்கு வேலை நெருக்கடி. "நின்னுடுச்சுன்னா விடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். பெற்ற தாயிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் அங் மோ கியோ வீட்டுக்குத் திரும்பி மூன்று வாரம் இருக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அப்புறம் குளிரோடு காய்ச்சல். பலதுறை மருந்தகத்தில் வழக்கமான மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள்.

அந்த அறிக்கையை நான் ஆயிரம் முறை படித்திருப்பேன், மற்றவர்களுடையதை. இடது பக்கம் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். பக்கத்தில் 'எஸ்' அல்லது 'ஆர்' என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். ஆர் என்றால் சாகாது. அம்மாவின் தாளில் மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஆர், ஆர், ஆர், ஆர். அடியில்தான் எஸ் வந்தது, ஊசியாக மட்டுமே கிடைக்கிற மருந்துக்கு. எர்டாபெனம் என்று பெயர். நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம் நரம்பு வழியாக, ஏழு நாள். அம்மாவின் கை நரம்பு நூல்போல இருக்கும். நான்காம் நாள் தாதி இரண்டு கைகளிலும் தேடிவிட்டுப் புறங்கையில் குத்தினார். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

அந்த இரண்டு மாத்திரைதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,000 வெளிநாட்டுப் பயணிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் அவர்களுடைய மலத்தைச் சோதித்தார்கள். தெற்காசியாவுக்குப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர், போகும்போது இல்லாத, மருந்துக்கு அடங்காத குடல் கிருமியோடு வந்திறங்கினார்கள். பயணத்தில் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, சாப்பிட்டவர்களுக்கும், வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். பெரும்பாலோருக்கு எந்த நோயும் வராது. கிருமி குடலில் சும்மா தங்கியிருக்கும். சில வாரங்களில் போய்விடும், சிலருக்கு ஒரு வருஷம்கூட இருக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம். வயதானவர்களிடம் அது சிறுநீர்ப்பைக்குப் போய்விட்டால்தான் தொல்லை.

இதைக் கேட்டுவிட்டு ஊரைக் குறை சொல்லக் கிளம்ப வேண்டாம். அந்தக் குறை சொல்லலால் நாம் ஏற்கனவே சில வருஷங்களை இழந்தோம். 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம், பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் முறிக்கிற நொதியை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அவர் அதற்கு முன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். நொதியின் பெயரிலேயே புதுடெல்லியைச் சேர்த்துவிட்டார்கள். இந்தியாவில் பெரும் கோபம். பெயரைப் பற்றிய சண்டையில் கிருமியைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. பெயர் வைத்தவர்கள் செய்ததும் சரியில்லை, அதையே பிடித்துக்கொண்டு கிருமியே இல்லை என்பதுபோலப் பேசியவர்கள் செய்ததும் சரியில்லை என்பது என் கருத்து.

அந்தச் சண்டையைத் தாண்டி வேலையைத் தொடங்கியது நம் சென்னை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் அங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. அதில் எனக்குப் பிடித்தது அதன் நடைமுறை அறிவு. சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் கூடாது என்று ஒரே நாளில் தடை போட்டால், டாக்டரே இல்லாத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தை என்ன செய்யும்? மருந்தைக் கண்டபடி சாப்பிட்டுக் கிருமி அடங்காமல் போவதால் சாகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், மருந்து கிடைக்காமல் சாகிறவர்கள் இன்னொரு பக்கம். அதனால் வலுவான மருந்துகளை முதலில் கட்டுப்படுத்துவோம், மற்றதைப் படிப்படியாகப் பார்ப்போம் என்றார்கள். 2014 மார்ச்சில் எச்1 என்ற பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அந்த மருந்துகளை விற்றால் நோயாளி பெயர், எழுதிய டாக்டர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016இல் மாத்திரை அட்டையின் மேல் செங்குத்தாக இருக்கும் சிவப்புக் கோட்டைப் பற்றி மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். அந்தக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு வேண்டும் என்று அர்த்தம்.

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் பிஸ்கட் டப்பா ஒன்று இருக்குமே, ஊரிலிருந்து வந்த மருந்தெல்லாம் போட்டு வைத்திருக்கும் டப்பா. இன்றிரவு திறந்து பாருங்கள். அந்தச் சிவப்புக் கோடு இருக்கும், பாதி காலியான அட்டையில்.

நாடுகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொலிஸ்டின் நல்ல உதாரணம். பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்குக் கடைசிக் கையிருப்பாகத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் அதே மருந்தைப் பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை கூடத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினை வெல்லும் மரபணு ஒன்று ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவுவதைக் கண்டு வெளியிட்டார்கள். மற்ற நாடுகள் பழைய மாதிரிகளை எடுத்துத் தேடின. சில வாரங்களில் டென்மார்க்கிலும் அதே மரபணு கிடைத்தது. 2017இல் சீனா தீவனத்தில் கொலிஸ்டினைக் கலப்பதை நிறுத்தியது. அதன் பிறகு பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அந்த மரபணு குறைந்தது. 2019இல் இந்தியாவும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கண்டதை மறைக்காமல் சொன்னார்கள், மற்றவர்கள் உடனே தேடினார்கள், தவறான பயன்பாட்டை நிறுத்தினார்கள். இவ்வளவுதான் செய்தது, பலன் கிடைத்தது.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிற ஊர் இது. 2017இல் சிங்கப்பூர் தனக்கென ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது. மனித மருத்துவம், விலங்கு நலம், உணவு, சுற்றுப்புறம், தண்ணீர் ஆகிய துறைகளைப் பார்க்கும் அமைப்புகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. அதே வருஷம் ஆசியான் தலைவர்களும் இதைப் பற்றிக் கூட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். இங்கே சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்க முடியாது. இத்தனையும் இருந்தும் என் அம்மாவின் தாளில் வரிசையாக ஆர் வந்தது.

2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 1.27 மில்லியன் பேர் இறந்தார்கள். அவற்றோடு தொடர்புள்ள மரணங்களைச் சேர்த்தால் 4.95 மில்லியன். அந்தப் பெரிய எண்ணிக்கையை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பதாக 2024 செப்டம்பரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. எனக்கு அது போதாது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குக் கை கொடுக்காமல் அந்தப் பத்துக்கூட வராது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க வசதியே இல்லாத மருத்துவமனையில், டாக்டர் வலுவான மருந்தைத்தான் முதலில் எழுதுவார். அவரை எப்படிக் குற்றம் சொல்வது?

நம் குடும்பங்களோ இரண்டு நாட்டிலும் இருக்கின்றன. அதனால் நம்மிடம் கேட்கிறேன். ஊருக்குப் போகும்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வயிற்றுப்போக்குக்கு முதலில் வேண்டியது அதுதான். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். வரும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாடிக் அட்டை வாங்கி வராதீர்கள். இங்கே டாக்டரைப் பார்க்கும்போது அண்மையில் எந்த நாட்டில் இருந்தீர்கள், அங்கே என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். என் அம்மா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

போன மாதம் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மாத்திரை அட்டை, மேலே சிவப்புக் கோடு. அவன் பையனுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சலாம், மூக்கொழுகலாம். "அண்ணே, சீட்டு இல்லாம தரமாட்டேங்கிறார். பழைய அட்டையைக் காட்டினாலும் கேக்கல. நீங்க பேசுங்களேன்" என்றான். கடைக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வயதான குரல். "நீங்க மருந்தாளரா இருந்தாலும் சீட்டு வேணும் தம்பி" என்றார். "சரிங்கய்யா, நன்றி" என்றேன். மறுநாள் காலையில் பையனை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வைரஸ் காய்ச்சல், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். திங்கட்கிழமை பையன் பள்ளிக்கூடம் போனான்.