காசு கொடுத்தால் மென்பொருள் சொந்தமாகிவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றையும் கவனிக்கும் மென்பொருள் ஒன்றை, தனியாகத் தொழில் செய்யும் ஓர் இளைஞரிடம் முதலாளி செய்யச் சொல்கிறார். பேசிய பணம் முழுவதையும் கொடுத்தாயிற்று, ரசீதும் இருக்கிறது. மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

முதலாளிக்குத்தான் என்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் என்பது இலக்கியப் படைப்பு. சிரிக்காதீர்கள், நாவலுக்கும் பில் போடும் நிரலுக்கும் அங்கே ஒரே இடம்தான். 17ஆம் பிரிவின்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளம் வாங்கும் ஊழியர் தம் வேலையாக எழுதியது மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குப் போகும். வெளியாள் எழுதினால் பொதுவாக அவருடையதுதான். உங்கள் பட்டறையில் பயன்படுத்திக்கொள்ளலாம், சரி. அதையே எதிர்த்தெருப் பட்டறைக்கு அவர் விற்றால் தடுப்பது கடினம்.

அப்படியானால் உரிமையை அவரிடமிருந்து எழுதி வாங்க வேண்டும். 19ஆம் பிரிவு கேட்பது கையெழுத்திட்ட ஆவணம்; வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே சார்" போதும் என்று இருந்துவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரத்தை அப்படியே நிரப்புகிறவர்கள் மாட்டுவதும் இதே பிரிவில்தான். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அதுவும் காலாவதியாகிவிடும். துபாய்க்குப் பம்ப் அனுப்புகிறவர் இந்த மூன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு இடம் தருவதில்லை. தொழில் ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை; அங்கேயும் ஒப்பந்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நிரலின் மூல வரிகளான சோர்ஸ் கோடும் சர்வர் பாஸ்வேர்டும் அன்றைக்கே கைக்கு வரட்டும். முழுப் பணமும் கொடுத்துவிட்டவர்கள் இப்போது போய்க் கேட்டாலும் தவறில்லை, பிறகும் எழுதி வாங்கலாம். கூடக் கொஞ்சம் பணம் கேட்பார். பேரம் பேசிக் கொடுத்துவிடுங்கள்.