செய்தியில் ‘செய்தவர்’ எங்கே?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் பார்த்த பிறகும் வந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. சொல் ஒன்றும் அபூர்வமானது இல்லை. செய்தி. காலையில் கண் விழித்ததிலிருந்து இந்நேரம் வரை எத்தனை தடவை அது உங்கள் காதிலும் கண்ணிலும் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். நான் அந்தச் சொல்லை வைத்தே பல வருடம் சம்பளம் வாங்கியவன். ஒரு நாளிதழில், நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்புப் போடுகிற வேலை. அப்படியிருந்தும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்கு நீண்ட நாள் தோன்றவே இல்லை.

பிரித்தால் மிகச் சுலபம். தகு என்பதிலிருந்து தகுதி வருகிறது. மற என்பதிலிருந்து மறதி. கெடு என்பதிலிருந்து கெடுதி. அதே அச்சில்தான் செய் என்பதிலிருந்து செய்தி. அதாவது செயல்.

பழந்தமிழில் அந்தப் பொருளிலேயே அது புழங்கியிருக்கிறது. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கிள்ளிவளவனைப் பார்த்துச் சொல்கிறார்: எவ்வளவு பெரிய பாவத்துக்கும் கழுவாய் உண்டு, ஆனால் நிலமே புரண்டாலும், ‘ஒருவன் செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’. ‘செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்று குறளில் படித்தோமே, அதே கருத்துதான். இங்கே செய்தி என்றால் ஒருவர் நமக்குச் செய்த உதவி. பக்கத்திலேயே நிற்கிற உய்தியும் அதே அச்சில் வார்த்தது என்பதைக் கவனியுங்கள். பாட்டைப் படித்த அன்றைக்கு, ‘செய்தியைக் கொன்றவர்கள்’ என்றதும் எனக்கு எங்கள் அலுவலகத்துக் குப்பைக்கூடை ஞாபகம் வந்தது என்பது வேறு விஷயம்.

செயலைக் குறித்த சொல், பிறகு செயலைப் பற்றிய பேச்சைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. இது தமிழில் மட்டும் நடந்த விசித்திரம் இல்லை. சமாச்சாரம் என்கிறோமே, அதற்கு வடமொழியில் நடத்தை, ஒழுக்கம் என்று பொருள். அதுவும் ‘நடந்துகொண்ட விதம்’ என்பதிலிருந்து ‘நடந்ததைப் பற்றிய பேச்சு’ என்று நகர்ந்துவிட்டது. மலையாளத்திலும் தெலுங்கிலும் செய்தியைக் குறிக்கிற ‘வார்த்த’, நம்மிடம் வந்து வெறும் வார்த்தையாகி நின்றுவிட்டது. நிருபர் கதை இன்னும் வேடிக்கை. நிருபம் என்றால் கடிதம். கடிதம் எழுதி அனுப்புகிறவர் நிருபர். ஆனால் பழைய செய்யுளில் நிருபர் என்றால் அரசர்கள்! எங்கள் நிருபர்களில் சிலர் அந்தப் பொருளில்தான் அலுவலகத்துக்குள் நுழைவார்கள்.

ஆங்கிலத்து நியூஸுக்கு வருவோம். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு திசைகளின் முதலெழுத்துதான் அது என்று எந்த மேடையிலாவது யாராவது சொன்னால், கைதட்டிவிட்டு மறந்துவிடுங்கள். அது பிற்பாடு கட்டிய கதை. நியூ என்பதன் பன்மை, அவ்வளவுதான். புதியவை. ஆக, அந்தச் சொல் ‘புதுசா ஏதாவது உண்டா?’ என்று கேட்கிறது. நம்முடைய சொல் ‘யார் என்ன செய்தார்?’ என்று கேட்கிறது. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பிடித்திருக்கிறது. ஏன் என்பதற்கு இலக்கணத்தின் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். பயப்படாதீர்கள், இரண்டே வரி.

‘செய்பவன் கருவி நிலம்செயல் காலம்
செய்பொருள் ஆறும் தருவது வினையே.’

நன்னூல். பவணந்தியார் எழுதி ஏறத்தாழ எண்ணூறு வருடம் ஆகிறது. வினைச்சொல் என்றால் எதெல்லாம் அதற்குள் இருக்க வேண்டும் என்பதற்கு அவர் சொல்லும் இலக்கணம் இது. வனைந்தான் என்றால் வனைந்த குயவன் உண்டு, சக்கரம் உண்டு, வனைந்த இடம், வனைதல் என்ற தொழில், இறந்த காலம், பானை எல்லாம் உண்டு. இதழியல் வகுப்பில் முதல் நாள் என்ன சொல்லித் தருகிறார்கள்? யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, ஏன். கிட்டத்தட்ட அதே ஆறு. நன்னூலில் ‘ஏன்’ இல்லையே என்று கேட்பீர்கள். தொல்காப்பியர் எட்டாகச் சொல்கிறார். ‘இன்னதற்கு, இது பயன்’ என்ற இரண்டு அதில் கூடுதல். ஏன் என்பதும் கிடைத்துவிட்டது. செய் என்ற வேரிலிருந்து செய்தியைப் பிறப்பித்த மொழிக்கு, ஒரு செயலை எப்படி விசாரிக்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது.

ஆனால் இந்த ஆறில் முதலில் நிற்கிற ‘செய்பவன்’தான் இப்போது அடிக்கடி காணாமல் போகிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமை உதவி ஆசிரியர் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். என் காப்பி ஒன்று: ‘குடிசைகள் அகற்றப்பட்டன. அப்பகுதியில் பரபரப்பு நிலவியது. சிலர் காயம் அடைந்ததாகக் கூறப்படுகிறது.’ மூன்று வாக்கியம். எனக்குப் பெருமையாக இருந்தது, சுருக்கமாக எழுதிவிட்டோம் என்று. அவர் படித்தார். ‘அகற்றப்பட்டன’ மேல் ஒரு வட்டம்: யார் அகற்றியது? ‘நிலவியது’ மேல் ஒரு வட்டம்: நிலவ அது என்ன பனிமூட்டமா? ‘கூறப்படுகிறது’ மேல் இரண்டு வட்டம்: கூறியது யார், கேட்டது யார்? தாளைத் திருப்பித் தந்து ஒன்றே ஒன்று சொன்னார். “தம்பி, இதுல எல்லாம் நடந்திருக்கு, யாரும் எதுவும் செய்யலை.”

அன்றிலிருந்து ‘பட்டது’ என்று முடிகிற வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். ‘லாரி மோதி மூவர் பலி’ என்று தலைப்பு. லாரிதான் குற்றவாளி, ஓட்டியவர் இல்லை, சாலையைக் குழியாகப் போட்டுவைத்தவரும் இல்லை. பலி என்பது வேறு. பலி என்றால் யாரோ யாருக்கோ கொடுப்பது. இங்கே கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார்?

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லா ‘படு’வும் கெட்டது இல்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை ஒருவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’தான், அந்த ‘பட்ட’வை எடுத்துவிட்டுக் கொலைகாரன் என்று போட்டால் அது துணிச்சல் இல்லை, அநியாயம். தகவல் கொடுத்தவரின் பெயரைச் சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து என்கிற இடமும் உண்டு. அங்கே மறைப்பது கடமை. நான் பேசுவது சோம்பலில் மறைப்பதைப் பற்றி.

இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆங்கிலத்தில் நியூஸ் வேறு, மெசேஜ் வேறு. நமக்கு இரண்டுமே செய்தி. படம் சொல்லும் நீதியும் செய்திதான். பேச்சு வழக்கில் இது சேதியாகும்போது கேட்கவே இதமாக இருக்கும், ‘என்ன சேதி?’ என்றால் செயலும் வேண்டாம், தகவலும் வேண்டாம், சும்மா நலம் விசாரிப்பு. அதே சேதியைக் குரலைத் தாழ்த்தி, ‘சேதி கேள்விப்பட்டீங்களா?’ என்றால் யாரோ போய்விட்டார்கள் என்று அடிவயிறு கலங்கும்.

அப்புறம் கைப்பேசி வந்தது. 1992 டிசம்பர் 3 அன்று உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். போனது. நாம் அதற்குக் குறுஞ்செய்தி என்று பெயர் வைத்தோம். அழகான பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70. அந்த 70லும் ‘செய்தி’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஆறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. நம் மொழிக்கு அது உண்மையிலேயே குறுஞ்செய்திதான். வாட்ஸ்அப் வந்ததும் அந்தக் குறுகலும் போயிற்று, ‘குறு’வும் உதிர்ந்தது. மிச்சம் இருப்பது செய்தி. வில்லங்கம் இங்கேதான். ‘எனக்கு ஒரு செய்தி வந்தது’ என்று ஒருவர் சொல்கிறார். யாரோ தட்டச்சு செய்து அனுப்பியது வந்தது என்ற பொருளில் சொல்கிறார். கேட்கிறவர் காதில் அது நடந்ததாகவே விழுகிறது. மூன்றாவது ஆளிடம் போகும்போது ‘செய்தியிலேயே வந்துடுச்சு’ ஆகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை; சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது.

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். இந்த மாதிரி உங்களுக்கும் வந்திருக்கும்: ‘நாளை முதல் மூன்று நாட்கள் வங்கிகள் மூடப்படும். அனைவருக்கும் பகிரவும்.’ பவணந்தியாரின் ஆறை வைத்துக் கேளுங்கள். செய்பவன் யார்? மூடப்படும், அவ்வளவுதான். நிலம்? வங்கிகள் என்றால் எந்த ஊர், எந்த நாடு? கருவி? சட்டமா, வேலைநிறுத்தமா, சாவி தொலைந்ததா? காலம் இருக்கிறது என்பீர்கள். எந்த நாளுடைய நாளை? தேதி போடாத நாளை என்றைக்கும் பழையதாவதில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தாலும் நாளைதான். அதில் முழுசாக இருக்கும் ஒரே வினை கடைசியில் உள்ள ‘பகிரவும்’. அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை, நாம்தான்.

அந்தத் தலைமை உதவி ஆசிரியர் ஓய்வு பெற்றபோது அலுவலகப் பலகையில் ஒட்ட நான்தான் நாலு வரி எழுதினேன். ‘அவருக்குப் பிரிவு உபசார விழா நடத்தப்பட்டது. பலர் கலந்துகொண்டனர்.’ மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே வந்து பலகை முன்னால் நின்றார். சட்டைப்பையிலிருந்து அதே பேனா. ‘நடத்தப்பட்டது’ மேல் ஒரு வட்டம்: யார் நடத்தியது? ‘பலர்’ மேல் இன்னொன்று: எண்ணவில்லையா?

எண்ணினேன். முப்பத்தேழு பேர்.