"அதற்காகத்தானே படைக்கப்பட்டாய்": யூத மரபும் விலங்கின் வலியும்

எல்லோருக்கும் வணக்கம்.

யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தால்முத் என்னும் நூலில் வரும் ஒரு கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரபி (யூத சமய ஆசிரியர்) யெஹூதா ஹநாசி கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பை உருவாக்கியவர். தால்முதில் பெயர் சொல்லாமல் 'ரபி' என்று மட்டும் வந்தால் அது அவர்தான், அவ்வளவு பெரியவர். ஒரு நாள், வெட்டக் கொண்டுபோன கன்று ஒன்று அவரிடம் ஓடிவந்து, அங்கிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அழுதது. "போ, அதற்காகத்தானே நீ படைக்கப்பட்டாய்" என்றார். இவருக்கு இரக்கமில்லை என்று வானத்தில் தீர்ப்பானது. 13 ஆண்டுகள் நோயில் துடித்தார். அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டைப் பெருக்கிய பணிப்பெண், அங்கே கிடந்த கீரி போன்ற சிறு விலங்கின் குட்டிகளையும் சேர்த்து வெளியே தள்ளப் போனாள். "விட்டுவிடு, இறைவனுடைய இரக்கம் அவர் படைத்த எல்லாவற்றின் மேலும் உள்ளது என்று எழுதியிருக்கிறதே" என்று தடுத்தார். நோய் விலகியது.

அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். கன்றை வெட்டலாம், உண்ணலாம். அந்தக் கன்றும் கடைசியில் வெட்டப்பட்டிருக்கும். இறைச்சி கூடாது என்று இந்தக் கதை சொல்லவில்லை. அனுமதி கையில் இருக்கிறது என்பதற்காக, அஞ்சி வந்த உயிரிடம் அதைக் காட்டி மனத்தை மூடிக்கொள்ளக் கூடாது என்கிறது. தங்கள் தலைசிறந்த சட்ட மேதையைப் பற்றியே இப்படி ஒரு கதையை அவர்கள் பாதுகாத்து வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த அனுமதியும் தொடக்கத்திலேயே வந்ததல்ல. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்டவை பயிரும் கனியும்தான். வெள்ளத்துக்குப் பிறகு, நோவாவின் காலத்தில்தான் இறைச்சி வருகிறது. அதுவும் இரத்தத்தை உண்ணாதே என்ற நிபந்தனையோடு. 1921இல் பாலஸ்தீனத்தின் முதல் அஷ்கெனாசி (ஐரோப்பிய யூதப் பிரிவின்) தலைமை ரபியான ஆபிரகாம் ஐசக் குக், மனிதகுலத்தின் பலவீனத்துக்காகத் தற்காலிகமாகக் கொடுத்த சலுகை இது என்று விளக்கினார்.

சலுகையைச் சுற்றி எத்தனை கட்டளைகள்! தாயையும் குட்டியையும் ஒரே நாளில் வெட்டாதே. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே. ஓய்வு நாள் உன் மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு. வளர்ப்பு விலங்குக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் நீ சாப்பிட வேண்டும். தாய்-குட்டிக் கட்டளை எதற்கு என்பதில் இரண்டு பேரறிஞர்கள் வேறுபட்டார்கள். எகிப்தில் மருத்துவராக இருந்த 12ஆம் நூற்றாண்டு மைமோனிடிஸ், குட்டியைப் பறிகொடுக்கும் தாயின் வலியில் மனிதருக்கும் விலங்குக்கும் வேறுபாடில்லை என்றார். ஸ்பெயினின் நஹ்மானிடிஸோ, நாம் கொடியவர்களாகிவிடாமல் இருக்கவே இந்தக் கட்டளை என்றார். நான் மைமோனிடிஸ் பக்கம். விலங்கின் வலி, நமக்கான பயிற்சி என்பதோடு முடிந்துவிடுவதில்லை.

வெட்டும் முறையையும் சொல்ல வேண்டும். ஷெகிதா என்னும் அந்த முறையில் வெட்டுபவர் பயிற்சி பெற்றவர், பக்தியுள்ளவர். வெட்டும் முன் கத்தியின் விளிம்பை விரல் நுனியிலும் நகத்திலும் ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிசிறு இருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது. நடுவில் நிறுத்தினாலோ அழுத்தினாலோ இறைச்சி விலக்கப்பட்டதாகிவிடும். முன்கூட்டியே மயக்காமல் வெட்டுவதால் இதைத் தடை செய்த நாடுகள் உண்டு. சுவிட்சர்லாந்து 1893இல் தடை செய்தது, நாஜி ஜெர்மனி 1933 ஏப்ரலில். அதனால்தான் இந்த விமர்சனம் எழும்போதெல்லாம் யூதர்கள் அதன் பின்னால் வேறு ஏதோ வருகிறது என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அது கடைசி நொடிகளைத்தான் கவனித்துக்கொள்ளும்.

சடங்குக்கு வருகிறேன். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்ததும் பலிகள் நின்றன. இனி பாவ நிவர்த்தி எப்படி என்று கலங்கிய சீடரிடம் ரபி யோகனான் பென் சக்காய், அன்புச் செயல்கள் இருக்கின்றனவே என்றார். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு முன் கப்பரோத் என்ற வழக்கம் பிற்பாடு வேரூன்றியது. ஆணுக்குச் சேவல், பெண்ணுக்குக் கோழி. தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி, இது எனக்குப் பதிலாகச் சாவுக்குப் போகட்டும் என்று சொல்லி வெட்டுவார்கள். இறைச்சியோ அதன் விலையோ ஏழைகளுக்குப் போகும். 16ஆம் நூற்றாண்டில் சட்டநூல் எழுதிய யோசேப்பு காரோ இதை நிறுத்த வேண்டும் என்றார். போலந்தின் கிராக்கோ நகர ரபி மோசே இஸ்ஸெர்லெஸ், இது முன்னோர் வழக்கம், மாற்றக் கூடாது என்றார்.

அதே இஸ்ஸெர்லெஸ் இன்னொன்றையும் பதிவு செய்கிறார். புத்தாடை அணிபவரை, 'இது கிழிந்து புதியது வாங்குவாய்' என்று வாழ்த்துவது வழக்கம். தோல் செருப்புக்கு மட்டும் அப்படி வாழ்த்தக் கூடாது. அடுத்த செருப்புக்கு இன்னோர் உயிர் போக வேண்டுமே! காரணம் வலுவில்லாதது என்று அவரே சொல்கிறார், ஆனாலும் பலர் கடைப்பிடிக்கிறார்கள் என்று எழுதி வைக்கிறார். செருப்புக்கே இவ்வளவு தயங்கும் ஒரு மரபு, கூண்டுகளில் நெருக்கி அடைத்துக் கொண்டுவரும் கோழிகளைக் கைகளில் தூக்கி இறைவனிடம் இரக்கம் கேட்க வேண்டுமா? கோழிக்குப் பதில் பணத்தைச் சுற்றித் தர்மம் செய்யும் வழி இருக்கிறது. ஏராளமானோர் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்றைக்கு உண்மையான சோதனை பண்ணைகளில்தான் நடக்கிறது. 1982இல் நியூயார்க்கின் ரபி மோசே ஃபைன்ஸ்டைன், மிகக் கட்டுப்பாடான மரபைச் சேர்ந்தவர், ஒரு தீர்ப்பு எழுதினார். கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, திரும்ப முடியாத கூண்டில் அடைத்து, இறைச்சி வெளுப்பாகத் தெரிவதற்காகவே சத்தில்லாத திரவத் தீனி கொடுத்து வளர்ப்பது கூடாது என்றார். மனிதத் தேவைக்கு வலி அனுமதிக்கப்படலாம், வெறும் நிறத்துக்காகவும் லாபத்துக்காகவும் முடியாது என்பது அவர் வாதம். 2003இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், ஈரல் கொழுக்க வாத்துகளுக்குக் குழாய் வழியே தீனி திணிப்பதைச் சட்டவிரோதமாக்கியது.

சரி, அந்த வாதத்தைக் கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் நீட்டினால் என்ன ஆகும்? அயர்லாந்தின் முன்னாள் தலைமை ரபி டேவிட் ரோசன் நீட்டிப் பார்த்தார். விலங்குகள் இன்று நடத்தப்படும் விதத்தால், இறைச்சி உண்பதே யூதச் சட்டப்படி ஏற்க முடியாததாகிவிட்டது என்று எழுதினார். பெரும்பாலான ரபிகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ரோசன் சொல்வதே சரி என்று நான் நினைக்கிறேன். ஃபைன்ஸ்டைனின் அளவுகோலை வெள்ளைக் கன்றிறைச்சியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அப்படி ஒரு காரணம் உங்களில் யாருக்காவது தெரிந்தால், கேள்வி நேரத்தில் சொல்லுங்கள், விவாதிப்போம்.