எரிமலைப் பாறைக்குள் இரும்பு

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, பந்தலும் மோரும் ஏற்பாடு செய்த வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகள் சிலவற்றில் உலோகத் துகள்கள் சிக்கியிருக்கின்றன. இரும்பு, செம்பு, நிக்கல், இவை குழம்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். முதலில் இரும்பு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். 1870-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் நோர்டென்ஷியோல்ட் கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவுக்குப் போனார். கடற்கரையில் இரும்புப் பாறாங்கற்கள் கிடக்கின்றன. பெரியது 20 டன்னுக்கும் மேல்! மனிதர் என்ன நினைத்தார்? பூமியில் இரும்பு இப்படித் தனியாகக் கிடைக்காதே, வானத்திலிருந்துதான் விழுந்திருக்கும் என்றார். அடுத்த ஆண்டே கப்பல் அனுப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். விண்கல் என்று பலரும் நம்பினார்கள். அப்புறம் டென்மார்க்கின் பாறையியல் ஆய்வாளர் ஸ்டீன்ஸ்ட்ரப் வந்தார். கரையில் கிடந்ததோடு நிற்காமல் மலைப்பாறையையே ஆராய்ந்தார். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் என்னும் கரும்பாறைக்குள் அதே இரும்பு! அது அந்தப் பாறையோடு பிறந்த இரும்பு. தீர விசாரிப்பதே மெய்!

சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே, ஏறக்குறைய 1,200 டிகிரி வெப்பத்தோடு மேலேறிய குழம்பு, நிலக்கரியும் கரிமம் நிறைந்த களிப்பாறையும் கொண்ட அடுக்குகளைத் துளைத்து வந்தது. கரிமம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு துளித்துளியாகப் பிரிந்தது. இரும்பு உருக்கும் ஊதுலையில் நடப்பதும் இதே வேதியியல்தான். ஆகவே எரிமலைப் பாறையில் தனி இரும்பைக் கண்டால், அந்தக் குழம்பில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். குழம்பிலிருந்த நிக்கலையும் அந்தத் துளிகள் தம் பக்கம் இழுத்துக்கொண்டன.

எரிமலைப் பாறையில் செம்பும் உண்டு என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிடைக்கும் சூரியக்கல் என்னும் மணிக்கல் சாட்சி. ஃபெல்ஸ்பார் என்னும் கனிமப் படிகத்துக்குள் நுண்ணிய செம்புத் தகடுகள் மினுங்கும்.

சரி, இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறோம். கீழிருந்து ஒளி விட்டால் இரும்பு வெறும் கறுப்புப் பொட்டு. மேலிருந்து ஒளி விழுந்தால் அதே பொட்டு வெள்ளையாகப் பளிச்சிடும். கண்ணால் காண்பதும் பொய் என்றேனே! விசாரிக்கக் கருவி வேண்டும், கல்லும் வேண்டும். ஒரு கல்லூரியில் பழைய பாறை மாதிரிகளை, இடத்தை அடைக்கின்றன என்று கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டார்கள். எந்த ஊர்க் கல் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. ஊர் தெரியாத கல்லை வைத்துக்கொண்டு மாணவன் எதைப் படிப்பான்?

நகர்மன்றத் தலைவர் அவர்களே, பழைய வாசகசாலைக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. கற்களை வைக்க அதில் ஓர் அறை தாருங்கள். கல்வி அலுவலர் அவர்களே, மேலிருந்து ஒளி விழும் நுண்ணோக்கி ஒன்றுக்கு இந்த ஆண்டே பரிந்துரை செய்யுங்கள். மிஞ்சிய கற்களைக் கழுவி, சீட்டெழுதி அடுக்க எங்கள் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.